டோ மியாவுக்கு வந்த தகரம்

பட்டாளத்தார் கழித்துவிட்டுப் போன ஆம்புலன்ஸ் வண்டி அது. மாதாகோயில் சங்கத்தார் அதை வாங்கி, உள்ளே பலகை அடித்து, நான்கு பேர் படுக்கிற வீடாக ஆக்கியிருந்தார்கள். ரங்கூனைச் சுற்றியிருந்த புதுக் குடியிருப்புகளில் எங்கே கூரை ஒழுகுகிறதோ அங்கே போய் நிற்கும். வேலை முடியும்வரை அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. முடிந்ததும் அடுத்த தெரு. கூலி கிடையாது. தேவநேசன் அதில் சேர்ந்தது ஊழியத்துக்காக என்று பாதிரியார் நினைத்தார். அவன் கணக்கெழுதிய கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு போக்கிடமில்லாமல் வந்திருக்கிறான் என்று கொத்தனார் சுப்பிரமணியம் நினைத்தார். இரண்டும் கொஞ்சம் உண்மை. அந்தக் கோடை முடிவதற்குள் வண்டி தெற்கு ஒக்கலப்பாவுக்குப் போகும், அங்கே அக்காள் மக்தலேனாவின் வீடு இருக்கிறது என்பதுதான் முழு உண்மை.

அது அறுபத்து நாலாம் வருஷம். ஞாயிறு பூசையில் ஒவ்வொரு வாரமும் இரண்டு பெஞ்சு காலியாகிக்கொண்டிருந்தது. இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் யாரும் போகும் நாளை முன்கூட்டிச் சொல்வதில்லை. தேவநேசனுக்கு அக்காளை விட்டால் இந்த ஊரில் வேறு சொந்தமில்லை. வீடு உறுதியாக இருந்தால் அவள் போகமாட்டாள் என்று அவன் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

சங்கத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்காரர் கேட்டதைத்தான் செய்ய வேண்டும். நமக்கு நல்லதென்று படுவதை அல்ல.

வண்டி தெற்கு ஒக்கலப்பாவுக்கு வந்தபோது மக்தலேனா கேட்டது டனி ஓலை. சதுப்பில் வெட்டி, முடைந்து விற்கிற மலிவு ஓலை.

"ஓலையே போடு தேவா. எனக்கு அது போதும்."

"ரெண்டு மழைக்குள்ள மக்கிடும்க்கா. வந்து இறங்கியிருக்கிற தகரத்தைப் போட்டுடறேன்."

"மக்கட்டும். அந்தத் தகரம் பின்வீட்டு டோ மியாவுக்குன்னு வந்தது. அந்தம்மா நெஞ்சுச் சளியோட கெடக்குறாங்க, பாவம்."

டோ மியா தனியாக இருந்த பர்மியக் கிழவி. மக்தலேனாவின் இரண்டு பெண்களும் பாதி நாள் அவள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். தமிழைவிட அவள் பேசும் பர்மிய மொழிதான் அவர்களுக்குச் சரளம்.

விண்ணேற்றத் திருநாளன்று மக்தலேனா குடும்பத்தோடு கோயிலுக்குப் போனாள். சுப்பிரமணியம் மற்றவர்களோடு வண்டியை எடுத்துக்கொண்டு மூங்கில் ஏற்ற இன்செயின் போயிருந்தார். தேவநேசன் கோயிலுக்கும் போகவில்லை, மூங்கிலுக்கும் போகவில்லை. டோ மியாவின் வாசலில் அடுக்கியிருந்த தகரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து அக்காள் வீட்டு மேல் அடித்தான். கிழவி தன் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா வீடு முதலில் ஆகட்டும் மகனே," என்றாள். அடுத்த லோடு ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று அவன் சொன்னான். அப்படித்தான் நம்பவும் செய்தான்.

திரும்பி வந்த சுப்பிரமணியம் வண்டியை விட்டு இறங்காமலே மேலே பார்த்தார்.

"பலே! கணக்கப்பிள்ளை கணக்கைத் தீத்துட்டாரு. கெழவிக்கு என்னத்தைப் போடப்போற, உன் இடுப்பு லொஞ்ஜியையா?"

"அடுத்த லோடு வரும்ணே."

"வரும் வரும். அரசாங்கத்து மக்கள் கடையில தகரத்தை மலையாக் குவிச்சு வச்சிருக்கான், உனக்குன்னு."

கோயிலிலிருந்து மக்தலேனா திரும்பினாள். திருநாள் சேலையோடு வாசலில் நின்று வெகுநேரம் கூரையைப் பார்த்தாள். "மழை பேஞ்சா இதுக்குள்ள பேச்சே கேக்காதேடா," என்றாள் கடைசியில். சந்தோஷத்தில் குறை சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

லோடு வரவில்லை. மழை வந்தது. ஒழுகாத மூலை தேடி டோ மியா பாயை நகர்த்திக்கொண்டே இருந்தாள். இருமல் முன்வீடுவரை கேட்டது. சங்கத்தார் அவள் கூரைக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். காற்று அதைப் பிய்த்துப் போட்டது.

ஒரு மாலை, அக்காள் புருஷன் சூசைராஜ் குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்தார்.

"கப்பல் லிஸ்ட்ல பேரு வந்துருச்சு. வெள்ளிக்கிழமைக் கப்பல்."

தேவநேசன் அக்காளைப் பார்த்தான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்; கை நிற்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தவக்காலத்துலயே எழுதிக் குடுத்தாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"ஓலை போடு, ஓலை போடுன்னு எத்தனை வாட்டி சொன்னேன். அதுக்கு மேல எப்படிடா சொல்றது? நீ எனக்காக உத்தரத்து மேல ஏறி நிக்கிற. கீழ நின்னுக்கிட்டு, நாங்க போறோம்டான்னு சொல்லச் சொல்றியா?"

"நீயும் வந்துடு மச்சான்," என்றார் சூசைராஜ். "அங்க நமக்கு யாரைத் தெரியும், சொல்லு. எனக்கும் தெரியாது. ஆனா இங்க எனக்கு வேலை இல்ல."

தேவநேசன் மேலே தகரத்தைப் பார்த்தான். பின்வீட்டில் இருமல் கேட்டது.

"அதைக் கழட்டு தேவா," என்றாள் மக்தலேனா. "நான் இருக்கும்போதே கழட்டிடு. இல்லாட்டி அந்தம்மா மொகத்தைப் பாத்து என்னால போயிட்டு வர்றேன்னு சொல்ல முடியாது."

வியாழக்கிழமை மழை சற்று விட்டது. அவன் மேலே ஏறி ஆணிகளைப் பிடுங்கினான். தகரத்தை ஒவ்வொன்றாகக் கீழே விட, அக்காள் வாங்கிப் பின்வீட்டுக்குக் கொண்டுபோனாள். கடைசித் தகரம் இறங்கியபோது வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குள் மழை பெய்தது. அடுப்பின் சாம்பல் கரைந்து தரையெல்லாம் ஓடியது. அன்றிரவு மக்தலேனா குடும்பம் வண்டிக்குள் பலகையில் படுத்தது. சுப்பிரமணியமும் மற்றவர்களும் வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துக்கொண்டார்கள்.

காலையில் அதே வண்டி அவர்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. பெண்கள் இருவரும் பின்கண்ணாடி வழியாக டோ மியாவை அழைத்து அழுதார்கள். மக்தலேனா தம்பியின் தலையில் கைவைத்து, "நீ துறைமுகத்துக்கு வரவேண்டாம். கூரையை முடி," என்றாள். அவன் போகவில்லை.

ஒரு வீட்டுக்கு அடித்த தகரம் இன்னொரு வீட்டுக்குச் சரியாகப் பொருந்தாது. கழிகள் வேறு இடத்தில் இருக்கும்; பழைய ஆணித் துளைகள் அப்படியே வாய் திறந்து நிற்கும். தேவநேசன் நாள் முழுக்கத் தார் காய்ச்சி அந்தத் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தான். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டபோது உள்ளே போய் நின்று அண்ணாந்து பார்த்தான். ஒரே ஒரு இடத்தில் சொட்டியது. அக்காள் வீட்டு அடுப்புக்கு மேலே கிடந்த தகரம் அது, புகை ஏறியிருந்தது.

"நாளைக்கு அடைச்சிடறேன் அம்மா."

டோ மியா சொட்டுக்குக் கீழே ஒரு கிண்ணத்தை வைத்தாள். "இது ஒன்றும் இல்லை மகனே," என்றாள். பிறகு வழக்கம்போல மூன்று தட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தாள். பெண்களின் தட்டுகளைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள். மற்றதை அவன் பக்கம் நகர்த்தினாள்.