இரண்டாம் மாடிக்கு வந்த குளம்

டெல்லியில் நஜஃப்கர் பக்கத்துக் குளம் ஒன்று கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சரோஜினி நகர் குவார்ட்டர்ஸின் இரண்டாம் மாடிக்குக் குடிவந்தது. கோரைப்புல், சேறு, நாற்பத்து மூன்று வாத்துகள் எல்லாம் கூடவே வந்தன. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு குளிர்காலமாக, வலசை வரும் அந்த வாத்துகளை வாரத்தில் மூன்று நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை எண்ணி எழுதியவள் ஆராய்ச்சி மாணவி பூங்கோதை. ஐந்தாவது குளிர்காலத்துக்கு முன்பே அவளுடைய உதவித்தொகை நின்றுவிட்டது. டெல்லி பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்தான். ஆனால் கடைசி நிறுத்தத்திலிருந்து குளத்துக்கு ஆட்டோ வைத்துக்கொள்ள வேண்டும். அவள் போகவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டுக் குளம் தானே கிளம்பிவிட்டது.

அப்பா ஏகாம்பரம், அரசாங்க டிரைவர், செருப்புகளை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தார். "வந்தது வந்துருச்சு, அடுப்படிப் பக்கம் மட்டும் வராம பாத்துக்க" என்றாள் அம்மா செங்கம்மாள். கீழ்வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஜனவரியில் அப்பாவுக்குப் பணி ஓய்வு. அதன்பின் பூங்கோதை சம்பாதித்தால்தான் உலை கொதிக்கும். மார்ச் வரை எண்ணி முடிக்காவிட்டால் நான்கு வருட உழைப்பும் ஆய்வேடாகாது. அந்த நான்கு மாதத்துக்கு மட்டும் யாராவது படியளந்தால் போதும்.

புது உதவித்தொகைக்கான விண்ணப்பங்களில் ஆய்வுக் களம் இருக்குமிடம் என்ற கட்டத்தில் அவள் வீட்டு விலாசத்தை எழுதினாள். இப்படி எழுத ஆராய்ச்சி செய்கிறவர்களால்தான் முடியும். நிதி தரும் அறக்கட்டளையிலிருந்து ஜோதிலிங்கம் என்ற அதிகாரி போன் செய்தார். நல்ல மனிதர், குரலில் வருத்தம் இருந்தது.

"அப்ளிகேஷன்ல குத்தமே சொல்ல முடியாதும்மா. ஆனா இது வெளிய போய்த் தங்கறவங்களுக்கான பணம். களமே வீட்டுக்கு வந்துட்டா நாங்க எதுக்குன்னு குடுக்கறது?"

இன்னொரு நிறுவனம், வீட்டுக்குள் இருக்கும் நீர்நிலை இயற்கை வாழிடம் ஆகாது என்று எழுதியது. மூன்றாவது இடத்தில் வயது வரம்பை அவள் பதினோரு நாள் வித்தியாசத்தில் தாண்டியிருந்தாள்.

"பழைய எடத்தையே எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள் அம்மா.

"அது பொய் டேட்டாம்மா."

வாத்துகள் ஹாலில் தூங்கின.

பிப்ரவரியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். பூங்கோதை குர்கானில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள், வாரத்துக்கு ஆறு நாள் வேலை. முதல் திங்கட்கிழமையே குளம் அவள் பின்னாலேயே போய்விட்டது. "பாஸ் திகாவோ" என்று பாஸைக் காட்டச் சொல்லி வாசலில் மறித்த காவலாளி, வேறு வழியில்லாமல் அதற்கு ஒரு விசிட்டர் பாஸ் எழுதிக் கொடுத்தார். அன்று முதல் குளம் பார்க்கிங்கில் கிடக்கிறது. ஊழியர்கள் வண்டிகளைச் சற்றுத் தள்ளி நிறுத்துகிறார்கள். பூங்கோதை அந்தப் பக்கம் பார்க்காமல் லிஃப்டுக்கு நடக்கிறாள். பார்த்தால் உதடு தானாக எண்ணத் தொடங்கிவிடும், பாவம்.

அடுத்த கார்த்திகையிலும் வாத்துகள் வந்தன. எத்தனை என்று இங்கே எழுதியிருக்க வேண்டும். எண்ண ஆள் இல்லை.