அப்பா உட்கார ஒரு வண்டி

புது வண்டியில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். என் கணவர் இராஜாங்கத்துக்கு மைலேஜ். பிள்ளைகளுக்கு ஸ்பீக்கர். எனக்கு அப்பாவின் வலது கால். அது மடங்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், அப்பாவுக்கு இருபத்திரண்டு வயதில், அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டதற்காகப் பெரிய வீட்டு ஐயா ஆள் வைத்து வரப்பிலேயே போட்டு அடித்தார். அன்றைக்குப் போன முழங்கால். ஆட்சிகள் மாறின, குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது, நான் ஒரத்தநாட்டில் நர்ஸ் ஆனேன். கால் மட்டும் நாற்பத்தொரு வருஷமாக அப்படியே இருக்கிறது.

தஞ்சாவூர் ஷோரூமில் உயரமான ஏழு சீட்டு வண்டி ஒன்று நின்றது. அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்தேன். சீட்டைப் பின்னால் தள்ளியதும் கால் முழு நீளத்துக்கு நீண்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் பழகிய மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, "சொகமா இருக்கு அம்சா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன மருதையா, நீ எங்க இங்க?"

பெரிய வீட்டுத் தியாகராசன். அடிக்கச் சொன்ன ஐயாவின் பேரன். தன் வண்டியை சர்வீசுக்கு விட வந்திருக்கிறான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். அறுபத்துமூன்று வயது மனிதரைப் பெயர் சொல்லி, நீ என்கிறான். அதுவும் சிரித்துக்கொண்டே.

அப்பா இறங்கி நின்றார். உயரமான வண்டி, காலைக் கீழே ஊன்றினால் போதும், எந்தச் சிரமமும் இல்லை. தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிட்டது. "பொண்ணு வண்டி பாக்குதுங்க" என்றார்.

"நல்ல வண்டிதான். நம்ம வீட்லயும் இதான் நிக்குது. ஒங்களுக்கு எதுக்கு இவ்ளோ பெருசு?" என்று கேட்டுவிட்டு அவன் பில் போடுகிற இடத்துக்குப் போனான்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. "எதுக்குப்பா எந்திரிச்சே? அவன் வீட்டுச் சோத்தையா திங்கறோம்?" ஷோரூமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். இராஜாங்கம் என் கையை அழுத்தி, "விடு அம்சா, ஊர்ல அவங்க மூஞ்சில முழிக்கணும்" என்றார். "நீங்க முழிங்க. நான் எதுக்கு முழிக்கணும்?" என்று அவர்மேலும் பாய்ந்தேன்.

அப்பா நொண்டி நொண்டிப் போய், பக்கத்தில் நின்ற குட்டிக் காருக்குள் தலையை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சீட்டு தரையோடு தரையாக இருந்தது. வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். அது முன்னால் முட்டியது, முகம் சுருங்கியது. கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் கோபம்தான், போய்க் கூப்பிடவில்லை.

தியாகராசன் திரும்பி வந்தான். அவனைப் பார்த்ததும் அப்பாவின் கை கதவைப் பிடித்தது. உடம்பு எழும்பப் பார்த்தது, கால் வரவில்லை. மறுபடியும் முயன்றார். முடியவில்லை. தியாகராசன் கொஞ்சம் நின்று பார்த்தான். தனக்காக அப்பா எழுந்திருக்காததை அவன் பார்த்ததே இல்லை. சிரிப்பும் வரவில்லை அவனுக்கு. "வர்றேன்" என்று முனகிவிட்டுப் போய்விட்டான்.

அவன் போன வாசலையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இதையே வாங்கு."

"ஒனக்கென்ன பைத்தியமாப்பா? கால் வீங்கிடும். அந்தப் பெருசுதான் ஒனக்குச் சரி."

"அதுல என்னயக் கேக்காமயே காலு எறங்கிடுது அம்சா. இதுல நானே நெனச்சாலும் எந்திரிக்க முடியல."

"வலிக்குமேப்பா."

"வலிக்கட்டும்."

அவரை வெளியே எடுக்க நானும் இராஜாங்கமும் ஆளுக்கொரு பக்கம் தூக்க வேண்டியிருந்தது. எழுந்து நின்றதும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அந்தக் குட்டிக் காரைத் திரும்பிப் பார்த்தார். பெரிய வீட்டு ஆளைக் கண்டும் எழாமல் உட்கார்ந்திருக்க என் அப்பாவுக்கு வலிக்கிற வண்டி வேண்டியிருக்கிறது. வயிறு எரிய எரிய அதற்கே கையெழுத்துப் போட்டேன்.