வாளிக்கும் நோட்டாவுக்கும் நடந்த போட்டி

1

இந்தக் கதை என் காதில் விழுந்தது ஒரு பஸ்ஸில். திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். சந்திரகிரி தாண்டியதும் முன் சீட்டுப் பெண் ஃபோனில், "அந்த மெஷினு மட்டும் தொறந்திருந்தா நாங்கதான்!" என்று கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கம் கிடையாது. எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த மெஷின்மா?" என்று கேட்டேன். புத்தலப்பட்டு வருவதற்குள் முக்கால் கதை வந்துவிட்டது. மீதியை அவள் தோழியிடம் கேட்டு வாங்கினேன். அப்படியும் நிரம்பாத இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன். எவை என்று சொல்லமாட்டேன். பெயர்களை மாற்றிவிட்டேன் (பஸ்ஸில் பார்த்த பெண் இனி ஜெமிமா), ஊருக்குப் பெயரே வைக்கவில்லை.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "உலகின் மிகப்பெரிய ஜனநாயகத் திருவிழாவில் ஒரு சாதாரணப் பெண்—" அடித்துவிட்டேன். இதை எவன் படிப்பான்?

அடுத்து: "ஓட்டு எண்ணும் நாளன்று ஜெமிமா முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு—" இதையும் அடிக்கவேண்டியதாயிற்று. கேட்டதற்கு அவள் சிரித்தாள். "எழுந்ததே லேட்டு சார். பல்லு வெளக்கினதே பெரிய விஷயம்."

மூன்றாவது: "வாளி ஏழு, நோட்டா ஒன்பது."

இது நிற்கட்டும்.

2

வாளி ஏழு, நோட்டா ஒன்பது.

சித்தூரில் ஒரு கல்லூரிக் கூடம். ஜூன் வெயிலுக்குத் தகரக் கூரை வேறு. ஆள் உயரக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மேசைகளும் ஓட்டு மெஷின்களும். இந்தப் பக்கம் கட்சிகளின் ஏஜென்ட்டுகள். முதல் மெஷினில் வந்த எண்களை ஜெமிமா உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பெரிய கட்சிகள் இரண்டுக்கும் நூற்றுக்கணக்கில் விழுந்திருந்தன. அவற்றை அவள் எழுதவே இல்லை.

வாளி என்பது சுந்தரியின் சின்னம். பாராளுமன்றத்துக்கு நின்ற சுயேச்சை அவள். விசில் கேட்டிருந்தாள், வாளி கொடுத்தார்கள்.

(இங்கே நான் பின்னால் போயாக வேண்டும். போட்டி சூடு பிடிக்கும்போது போகிறானே என்று திட்டாதீர்கள். சீக்கிரம் வந்துவிடுகிறேன்.)

ஜெமிமாவுக்குத் திருப்பதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சுந்தரி அங்கேயே ஒரு லாட்ஜில் அறைகளை மேற்பார்வை பார்ப்பவள். நகரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஜெமிமாவின் ஊருக்கு வந்தவள். இருவரும் சினேகமானது காலை பாசஞ்சரின் பெண்கள் பெட்டியில். பூக்கட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், ஜவுளிக்கடைப் பெண்கள் என்று அந்த ஊரின் சின்ன ஸ்டேஷனில் ஒரு கூட்டமே ஏறும். ஒருநாள் ரயில் நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. இனி நிற்காது என்றார்கள். இரண்டு பஸ் மாறிப் போய்த் தினமும் திட்டு வாங்கினார்கள். சிலர் வேலையை விட்டார்கள்.

மனு எடுத்துக்கொண்டு ஒரு கட்சிப் பெரிய மனிதரின் ஆபீசுக்குப் போனபோது வாசலிலேயே ஒரு உதவியாளர் மறித்தார். மனுவைப் பிரிக்காமலே கேட்டார்: "மீரு எந்தமந்தி?" நீங்கள் எத்தனை பேர்?

 திரும்பி வந்து பஸ் இறங்கியதும் சுந்தரி, "எத்தன பேருன்னு எண்ணிக் காமிச்சிட்டா என்னாடி?" என்றாள்.

"எப்படிக்கா எண்றது?"

"எலெக்ஷன் வருதுல்ல. நீ நில்லு. நீதான் படிச்சவ."

ஜெமிமாவால் நிற்க முடியாது.*

* சித்தூர் பாராளுமன்றத் தொகுதி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஜெமிமாவின் குடும்பம் பல தலைமுறைகளாக மிஷன் சபையைச் சேர்ந்தது. ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு அந்தச் சாதிச் சான்றிதழ் கிடைக்காது. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருத்தி நிற்கலாம், ஒருத்தி நிற்கமுடியாது. இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி எடுத்துவிட்டேன். ஜெமிமா இரண்டே வார்த்தையில் முடித்திருந்தாள்: "அது கெடக்கு."

"அப்போ நீ நில்லுக்கா. நான் உனுக்கு ஏஜென்ட்டு."

பெண்கள் பெட்டி முழுக்க வாளியோடு கிளம்பியது. அசெம்பிளிக்கு உங்கள் இஷ்டம், பார்லிமெண்டுக்கு வாளி என்று வீடு வீடாகப் போனார்கள். ஜெயிப்பது என்ற பேச்சே இல்லை. எம்.பி. தொகுதி முழுவதும்கூட வேண்டாம். குப்பம் யார் போவது, பலமநேர் யார் போவது? தங்கள் ஊர் இருக்கும் புத்தலப்பட்டு சட்டமன்றப் பகுதியில், அந்தக் கல்லூரிக் கூடத்தில் எண்ணப்போகும் ஓட்டில் மட்டும், நோட்டாவைத் தாண்டிவிட வேண்டும். அவ்வளவுதான். "யாருமே வாணாம்னு சொல்றவங்களவிட நம்மாளுங்க ஜாஸ்தின்னு காமிக்கணும்" என்றாள் சுந்தரி.

3

முதல் சுற்றில் நோட்டா முந்தியது. இரண்டாவதிலும் அதுதான். மூன்றாவது சுற்றில் அவர்கள் காலில் செருப்புத் தேய நடந்த கிராமங்கள் வந்தன. அதிகாரி மைக்கில் தெலுங்கில் எண்களைப் படிக்க, வேட்பாளர் என்பதால் அறைக்குள் எங்கும் நடக்க அனுமதி பெற்றிருந்த சுந்தரி, கரும்பலகைக்கும் ஜெமிமாவுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஜெமி! தாண்டிட்டோம்டி! பதினோரு ஓட்டு!"

ஜெமிமா கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். போலீஸ்காரர் முறைத்தார்.

பக்கத்து நாற்காலியில் பாலையா என்றொருவர் இருந்தார். தோற்றுக்கொண்டிருந்த பெரிய கட்சியின் ஏஜென்ட். பாகாலா பக்கத்து ஆள். தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். காலையில் வரும்போது கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. இப்போது சட்டையும் முகமும் ஒன்றுபோலத் தொங்கின.

"ஏமம்மா, உங்காளு ஜெயிக்குதா?"

"இல்லிங்க. நோட்டாவத் தாண்டிட்டோம்."

அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு எட்டி அவள் உள்ளங்கையைப் பார்த்தார். அடுத்த சுற்றில் நோட்டா மறுபடி முந்தியபோது "அய்யய்யோ!" என்று கத்தியது அவர்தான்.

(பாலையாவை நான் நம்பவில்லை. ரொம்ப நல்லவராக வருகிறார். இப்படிக் கதைக்குத் தோதாக ஒரு ஆள் கிடைப்பாரா? ஜெமிமாவிடம் கேட்டேன். "நல்லவரா? எங்க எலுமிச்சம்பழ சாதத்தப் பாதிக்கு மேல அவரே துன்னுட்டாரு சார்" என்றாள். சரி, இருக்கட்டும்.)

மேலே நடந்த போட்டி மதியத்துக்குள் செத்துவிட்டது. ஜெயிக்கிறவர் மலைபோல முன்னே போய்விட்டார். வெளியே மேளம் கேட்டது. உள்ளே ஏஜென்ட்டுகளுக்குப் பார்க்க ஒன்றுமில்லை. பாலையா விஷயத்தைப் பரப்பினார். மெல்ல மெல்ல அந்தக் கூடமே அட்டவணையின் அடியில் நடந்த போட்டிக்குத் திரும்பியது. ஜெயிக்கிற கட்சிக்காரர்கள் வாளிப் பக்கம் பாதி, நோட்டாப் பக்கம் பாதி.

"வாளி ஒம்போது! நோட்டா ஆறு!"

"ஏய், நோட்டா விடாதே!"

"நோட்டாவுக்கு ஏஜென்ட்டு யாருய்யா? யாருமே இல்லியா பாவம்!"

வாளி ஆயிரத்தைத் தாண்டியபோது சுந்தரி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஜெமி. ஆயிரம் பேருடி. ஒரு ரயிலு நெறைய."

4

அப்போதுதான் அந்த மெஷின் வந்தது.

("விதி விளையாடியது" என்று எழுதி— இல்லை. பேட்டரி விளையாடியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.)

ஜெமிமாவுக்கு எதிரே இருந்த மேசையில் வைத்துச் சீல் உடைத்தார்கள். பொத்தானை அழுத்தினார்கள். திரையில் ஒன்றுமில்லை. வேறு பேட்டரி போட்டார்கள். இருட்டு. ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். பெட்டியில் வைத்து ஓரமாக எடுத்துப் போனார்கள். போகும்போது பெட்டியின் மேல் ஒட்டியிருந்த வாக்குச்சாவடி எண்ணை ஜெமிமா பார்த்தாள். 

"அக்கா! அது நம்ம ஊரு மெஷினு!"

"எண்ணாமயா பூடுவாங்க? வரும் வரும்" என்றாள் சுந்தரி.

கடைசிச் சுற்று வரைக்கும் அது வரவில்லை. கடைசி எண்ணை அதிகாரி மைக்கில் படித்தார். பாலையா எழுந்து நின்றிருந்தார்.

நோட்டா முன்னால். பத்தொன்பது ஓட்டில்.

ஒரு கணம்தான். "அந்த மெஷினு!" என்று ஜெமிமா கத்தினாள். "அந்த மெஷினுல அறநூறு ஓட்டுக்கு மேல கீதுங்க! எங்க ஊருங்க!"

கூடம் பொங்கிவிட்டது. "எண்ணு! எண்ணு!" என்று பாலையா நாற்காலியைத் தட்டினார். ஜெயித்த கட்சிக்காரர்களும் தட்டினார்கள்.

5

மெஷின் பேசாவிட்டாலும் ஓட்டு இருக்கிறது. ஓட்டுப் போட்டதும் கண்ணாடிக்குள் ஒரு சீட்டுத் தெரிந்து விழுமே, அந்தச் சீட்டுகளை எண்ணலாம். எழுதிக் கேளுங்கள் என்றார் அதிகாரி. சுந்தரி தமிழில் படித்தவள். தெலுங்கில் எழுதவேண்டியது ஜெமிமா.

வெள்ளைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு வரி எழுதினாள். பேனா நின்றது.

நம் ஊர் நமக்குத்தான் போட்டிருக்குமா?

முகங்கள் வந்தன. "ரயிலு நின்னா உங்குளுக்கு நல்லது, எனுக்கு என்னா?" என்ற மளிகைக்கடைக்காரர். வாளியைப் பார்த்து வாய்பொத்திச் சிரித்த பையன்கள். எல்லோருக்கும் பின்னால் அவள் நைனா நேசகுமார். மகள் வாளியும் கையுமாகத் தெருத்தெருவாகப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. "எல்லாக் கட்சியும் ஒண்ணுதான். எனுக்கு யாரும் வாணாம்" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவர். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர் விரல் மையைப் பார்த்துக்கொண்டே, "போட்டாச்சி" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

சீட்டை எண்ணினால் இத்தனை பேர் முன்னால் தெரிந்துவிடும். வெளியூரெல்லாம் போட்டு, சொந்த ஊர் போடவில்லை என்றால்?

"என்னாடி நின்னுட்ட?"

"அக்கா... வாணாம்னு தோணுதுக்கா. இப்படியே இருந்துடட்டும். பத்தொம்பதுதானே."

சுந்தரி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேட்பாளர் அட்டை கழுத்தில் தொங்கியது.

"பயமா கீதா?"

"ஆமாக்கா."

"எனுக்குந்தான். எழுது."

ஜெமிமா எழுதினாள். சுந்தரி கையெழுத்துப் போட்டாள்.

6

இந்த இடத்தில் இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அதிகாரி சீட்டுகளை எண்ணச் சொல்கிறார். வாளி எண்பது, நோட்டா மூன்று. பாலையா சுந்தரியைத் தோளில்— இல்லை, தோளில் தூக்கமாட்டார், இடுப்பு வலிக்காரர். எப்படியோ, எல்லோரும் அழுகிறார்கள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகப்பட்டேன்.

இரண்டாவதில் நோட்டா நூறு, வாளி நான்கு. ஜெமிமா அந்த ஊரைவிட்டே— இதை எழுதி முடிக்க மனம் வரவில்லை.

நடந்தது வேறு. அதிகாரி மனுவை இரண்டு முறை படித்தார். (தெலுங்கில்தான் பேசினார். அவர் குரலிலிருந்த மரியாதை என் தமிழில் வருகிறதா தெரியவில்லை.)

"அம்மா, பழுதான மெஷினில் உள்ள மொத்த ஓட்டைவிட முதல் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் அதிகமென்றால், சீட்டை எண்ணவேண்டியதில்லை. விதி அப்படி. யார் எம்.பி. என்பது இந்தப் பெட்டியால் மாறாது."

"எம்.பி. மாறாதுங்க. நாங்க மாறுவோங்க" என்றாள் சுந்தரி.

"விதியை மீற எனக்கு அதிகாரம் இல்லையம்மா."

"செரிங்க. அப்போ நாங்க நோட்டாகிட்ட தோத்தோம்னு நீங்க சொல்லமுடியுமா?"

அதிகாரி தாளைப் பார்த்தார், ஓரத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார். முதன்முறையாகச் சிரித்தார். "அதை நானும் சொல்லமுடியாது."

"தோக்கலேது!" என்று பாலையா அலறினார். "தோக்கவேயில்ல!" கூடம் கைதட்டியது. காலையிலிருந்து தோற்றுக்கொண்டிருந்தவரின் கைதட்டல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது.

வாசலில் மேளத்துக்கும் பட்டாசுப் புகைக்கும் நடுவே ஒருவர் சுந்தரியைத் தேடி வந்தார். மனுவைப் பிரிக்காமல் திருப்பியனுப்பிய அதே உதவியாளர். கையில் லட்டு. அவள் ஃபோன் நம்பரைக் கேட்டார். பஞ்சாயத்துத் தேர்தலுக்குத் தங்கள் பக்கம் வரலாமே என்றார். "மொதல்ல ரயில நிறுத்துங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி லட்டை வாங்கிக்கொண்டாள் சுந்தரி. அடுத்த வாரம் அவர் இரண்டு முறை ஃபோன் செய்தார். நான் இதை எழுதும்வரை ரயில் நிற்கவில்லை. ஆனால் ஒரு பெரிய அதிகாரி அந்த ஸ்டேஷனில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

7

பஸ் ஊருக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. யாரோ நீல பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பெட்டி மொத்தமும் பஸ் ஸ்டாப்பில். சுந்தரியின் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொட்டினார்கள்.

"அந்த மெஷினு தொறந்திருந்தா நாமதான்!"

"நான் வாளிக்குத்தான் போட்டேன்!"

"எங்க வூட்ல அத்தினி பேரும் வாளிதான்!" மளிகைக்கடைக்காரர் இதைச் சொல்லிக்கொண்டே இலவசமாக மிட்டாய் கொடுத்தார். ஜெமிமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நேசகுமார் ஒரு ஓரமாக நின்றிருந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவரிடம் போனாள்.

"நைனா, நீ—"

"என்னாம்மா?"

வாளி அடிக்கிற சத்தத்தில் காது அடைத்தது. அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல நைனா. துன்னுட்டியா?"

"நீ வர்ட்டும்னு கீறேன்" என்றார் அவர்.

பஸ்ஸில் ஜெமிமாவிடம் கேட்டேன், உன் நைனா எதை அழுத்தியிருப்பார் என்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீங்களே எழுதிக்கோங்க சார்" என்றாள். எனக்கு அது இரண்டு வரி வேலை. எழுதவில்லை.

ஆகையால், வாருங்கள். அந்த ஊர் வாக்குச்சாவடி இது. உங்களுக்கும் அங்கே ஓட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த ரயிலில் போகிறவராக இருக்கலாம், போகாதவராகவும் இருக்கலாம். விரலில் மை வைத்தாயிற்று. அட்டை மறைப்புக்குப் பின்னால் போங்கள். மேலே பெரிய கட்சிகள், நடுவில் எங்கோ ஒரு வாளி, கடைசியில் நோட்டா.

நான் இந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். அழுத்துங்கள்.