வேப்பிலை கட்டிய வாசல்

கழுத்தில் ஊர்ந்ததை நான்தான் அறைந்து நசுக்கினேன். மழை விட்ட சாயங்காலம், டியூப்லைட்டுக்குக் கீழே அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். எறும்பு போல, ஆனால் அதைவிட நீளமாக, கறுப்பும் சிவப்புமாக ஒரு பூச்சி. சனியன் என்று திட்டிவிட்டு மறந்துபோனேன்.

மூன்றாம் நாள் அந்த இடம் தீயாய் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முத்து முத்தாய்க் கொப்புளம். என் வீட்டுக்காரர் ஐயாக்கண்ணு, "ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் புள்ள" என்றார். அம்மை கண்டவளை யாராவது ஊசி போடக் கூட்டிப்போவார்களா? எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாய மூடுங்க. அம்மா வந்திருக்கா" என்று சொல்லி, நானே வேப்பிலை ஒடித்து வாசலில் கட்டினேன். அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு இல்லை.

மறுநாள் மாரமங்கலத்திலிருந்து என் தம்பி சேகர் வந்தான். வேப்பிலையைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான்.

"அப்பனுக்கு நொம்ப முடியலக்கா. உன்னையத்தான் கேட்டுட்டே இருக்கறாரு."

அம்மை கண்டவள் வாசல் தாண்டக்கூடாது. சாகக்கிடப்பவர் வீட்டுக்குப் போவது அதைவிட ஆகாது. "அம்மா எறங்கட்டும் சாமி, வந்தர்றேன்" என்றேன்.

சனிக்கிழமை அப்பா போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை புதைத்தார்கள். நான் வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்தேன். அழுகை வரவில்லை. கழுத்து எரிவதுகூட யாருக்கோ எரிவதுபோல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, ஊருக்குள் வந்த நர்ஸம்மா வாசல் வேப்பிலையைப் பார்த்து உள்ளே வந்தார். என் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, அம்மைன்னா ஒடம்பெல்லாம் வருமுங்க. இது ஒரே கோடா இழுத்து உட்டாப்பல இருக்குது. காய்ச்சல் இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"பூச்சி எதாச்சும் நசுக்குனீங்களா? அதோட தண்ணி பட்டா இப்படித்தானுங்க கொப்புளிக்கும்."

களிம்பு கொடுத்துவிட்டுப் போனார். ஐயாக்கண்ணு அதை எடுத்து என் கழுத்தில் தடவிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. அம்மனுக்காகத்தான் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை என்று இருந்தவரைக்கும் தாங்கியது. ஒரு பூச்சிக்காக என்று ஆன பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. வேப்பிலையை அவிழ்த்துக் குப்பையில் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனோம். கழுத்தில் லேசான கறுப்பு மட்டும் மிச்சம்.

சேகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அப்பன் வாசலையே பாத்துட்டுக் கெடந்தாருக்கா. உனக்கு அம்மா வந்திருக்குன்னு சொன்னேன். அப்படீன்னா அவ வரக்கூடாது, பத்தரமா இருக்கச் சொல்லுன்னாரு. அதுக்கப்பறந்தான் கண்ண மூடுனாரு. அம்மா நல்லபடியா எறங்கிட்டாளாக்கா?"

ஐயாக்கண்ணு என்னைப் பார்த்தார்.

"எறங்கிட்டா சாமி" என்றேன்.