பாதிப் பாலத்தில் ஒரு கையெழுத்து

டாக்ஸியை விற்றால்தான் பாலக்கரை வீடு எங்களுக்கு. வீட்டுக்காரர் குத்புதீன் பாய் வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார். இதுவரை வாடகைக்குத்தான் இருந்தோம், ஆனால் என் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் பிறந்தார்கள். கொல்லை முருங்கை நான் நட்டது. அதை இன்னொருத்தி பறித்துக் குழம்பு வைப்பாள் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

வண்டியை வாங்க மன்னார்புரம் நல்லுசாமி தயார். என் கணவர் கலீலுக்குப் பொன்மலைப் பக்கம் லாரி ஓட்டும் வேலையும் பேசியாகிவிட்டது. இடையில் ஒரே ஒரு முள். வண்டி ஸ்ரீரங்கம் அழகியசிங்கர் ஐயங்காரிடம் தவணைக் கடனில் இருப்பதாக ஆர்.சி. புக்கில் எழுதியிருந்தது. அதை அடிக்காமல் வாங்க மாட்டேன் என்றார் நல்லுசாமி.

கடன் ரம்ஜானுக்கு முன்பே அடைந்துவிட்டது. தனக்குப் பாக்கி இல்லை என்று ஐயங்காரும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அவருக்குக் கை நடுக்கம். கையெழுத்து, கொதிக்கிற சோற்றுப்பானை மூடி மாதிரி ஆடியிருந்தது.

"பழைய கையெழுத்துக்கும் இதுக்கும் ஒட்டவே இல்லையேம்மா," என்றார் மோட்டார் இன்ஸ்பெக்டர் பிச்சமுத்து. "அவரே வந்து என் முன்னால போடட்டும். உடனே அடிச்சுக் குடுத்துடுறேன்."

ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு ஓடினோம். ஐயங்கார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

"பெருமாள்கிட்ட சங்கல்பம் பண்ணிண்டுட்டேன் கலீல். இனிமே காவேரியைத் தாண்டறதில்லே. இந்த வயசுல ரங்கனை விட்டுட்டு நேக்கு எங்கே போகணும்?"

"ஒரே கையெழுத்து சாமி. நானே வண்டியில கூட்டிட்டுப் போயி, கையோட கொண்டாந்து விட்டுடுறேன்."

"எதுக்குத் தாண்டினாலும் தாண்டினதுதானேப்பா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் எங்கள் வண்டியில் ஒரு நாளும் ஏறியதில்லை. கொட்டுகிற மழையில் நடந்து போவார். "ஏறிக்குங்க சாமி" என்று கலீல் நிறுத்தினால், வேண்டாமென்று கையசைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். நாங்கள் உட்காரும் சீட்டு அவர் ஆசாரத்துக்கு ஆகாது போல என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். இப்போது ஆற்றையும் தாண்ட மாட்டாராம்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் நான் மட்டும் போனேன். "நீங்களாவது சாமி வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போகக் கூடாதாங்க?"

"வீடு தேடிப் போனா ஊரு என்ன பேசும்னு உங்களுக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை காவேரிப் பாலத்துல எனக்கு பஸ் செக்கிங் வேற இருக்கு."

"பாலத்துல எந்தக் கரையிலங்க?"

"இந்தக் கரையிலதான்." என் முகத்தைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "சரிம்மா. பாதிப் பாலம் வரைக்கும் நான் வரேன். மீதியை அவர் வரட்டும்."

ஐயங்காரிடம் சொன்னோம். கண்ணை மூடி யோசித்தார். "பாதி ஆறு ரங்கனோடதுதான். அதுக்குள்ள நின்னா தோஷமில்லே," என்றார். வண்டி அனுப்புகிறோம் என்றதற்கு மட்டும் பழைய கையசைப்புதான்.

வெள்ளிக்கிழமை ஆற்றில் ஆடிப்பெருக்குத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. டவுன் பக்கத்திலிருந்து வந்து பாலத்தின் நடுவில் வண்டியை ஓரங்கட்டினோம். எதிரே ஐயங்கார் குடையோடு நடந்து வந்தார். எங்களுக்குப் பின்னால் டவுன் கரையிலிருந்து முத்திரைப் பெட்டியோடு இன்ஸ்பெக்டர். எங்களைச் சுற்றிப் போக முடியாத பஸ்கள் ஹாரனை அலறவிட்டன. "பாலத்தை விலைக்கு வாங்கிட்டீங்களா பாய்?" என்றான் ஒரு கண்டக்டர்.

வண்டிக்கு ரெண்டு அடி முன்னால் ஐயங்கார் நின்றுவிட்டார். "பாதி இதோட சரி."

கலீல் வண்டியை அவரிடம் நகர்த்தினார். பானெட் மேல் காகிதத்தை வைத்துக் காற்றில் பறக்காமல் நான் பிடித்துக்கொண்டேன். ஐயங்கார் கையெழுத்துப் போட்டார். அது பழையதைப் போலவும் இல்லை, போன வாரத்தைப் போலவும் இல்லை. வீடு போச்சு என்றே நினைத்தேன்.

"என் கண்ணு முன்னால போட்டாரு. எனக்கு அது போதும்," என்றார் இன்ஸ்பெக்டர். ஆர்.சி. புக்கில் அந்த வரியை அடித்து, முத்திரை குத்திக் கலீலிடம் கொடுத்தார்.

ஐயங்கார் குடையை மடக்கினார். பின்கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். கலீலும் நானும் குனிந்து உள்ளே பார்த்தோம்.

"என்ன பாக்கறேள்? என்கிட்ட கடன் வாங்கினவன் வண்டியில ஏறினா, வட்டிக்கு மேல ஓசி சவாரியும் வாங்கினவனாயிடுவேன். புஸ்தகத்துல என் பேரு இருக்கற வரைக்கும் ஏறப்படாதுன்னு இருந்தேன். இப்போ இது உன் வண்டி. எங்காத்துல கொண்டு விடு. வாடகை தருவேன், வாங்கிக்கணும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். கலீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

"மெதுவாப் போ கலீல்," என்றார் ஐயங்கார், சீட்டைத் தடவிக்கொண்டே. "ரொம்ப சௌகரியமா இருக்கே."

சாயங்காலம் வண்டி நல்லுசாமியுடையதாகிவிடும், முருங்கை என்னுடையதாகிவிடும். நான் கேட்டதும் அதைத்தான். ஆனாலும் அந்தப் பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.