ஓரகத்தியின் தட்டுகள்

ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தது போதாதென்று, சின்னவள் அதே ஆய்வுக்கூடத்துக்கும் வந்து சேர்ந்தாள். அவள் கை பட்டால் எல்லாமே நன்றாக வருகிறது என்று வீட்டில் மாமியார் மெச்சினார். ஆய்வுக்கூடத்தில் பேராசிரியரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். ஆறு வருடமாக ஒரே வைரஸோடு மல்லுக்கட்டிய பெரியவளுக்கு இரண்டு இடத்திலும் வயிறு எரிந்தது.

வைரஸ் தன்னை நகலெடுக்க வைத்திருக்கும் நொதிக்குப் பாலிமரேஸ் என்று பெயர். அது வேலை செய்தால் மட்டும் செல் பச்சையாக ஒளிரும்படி பெரியவள் ஒரு மரபணுவைச் செய்து வைத்திருந்தாள். சின்னவள் வந்த எட்டாவது மாதமே தன் பங்குக்கு ஒன்று செய்தாள். எது நன்றாக ஒளிர்கிறதோ அதை வைத்துத்தான் இனி மருந்துச் சோதனை, கட்டுரையில் முதல் பெயரும் அதைச் செய்தவளுக்கே என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

டெக்னீஷியன் ஆளுக்கு மூன்றாக ஆறு தட்டுகளில் அவரவர் மரபணு ஏற்றிய செல்களை வளர்த்து, வெறும் எண்களை ஒட்டினார். எது யாருடையது என்ற பட்டியலை உறையில் போட்டு மூடினார். ஒளிரும் செல்களை எண்ணும் வேலை பெரியவளுக்கு வந்தது, அதில் அவளை அடிக்க ஆளில்லை. அக்காவே எண்ணட்டும் என்று சின்னவளே சொன்னாளாம். அந்தப் பெருந்தன்மையும் பெரியவளுக்குப் பிடிக்கவில்லை.

நுண்ணோக்கியின் திரையில் மூன்று தட்டுகள் பளிச்சென்று ஒளிர்ந்தன. மூன்று மங்கல். பளிச்சென்றவை யாருடையவை என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. எவ்வளவு ஒளிர்ந்தால் ஒரு செல்லைச் சேர்த்துக்கொள்வது என்று ஒரு வரம்பு உண்டு. அந்த மூன்றுக்கு மட்டும் அதை மேலே தள்ளினாள். முந்நூறு செல்கள் அறுபதாயின. மங்கல் தட்டுகளில் நூற்றிருபது இருந்தன. உள்ளே ஜில்லென்று இருந்தது.

மறுநாள் கூட்டத்தில் டெக்னீஷியன் உறையைப் பிரித்தார். மங்கலான மூன்றும் சின்னவளுடையவை. பேராசிரியர் அவளைப் பாராட்டத் தொடங்கினார்.

சின்னவள் பாராட்டைக் காதில் வாங்கவில்லை. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அடியில் பதிவாகியிருந்த வரம்பு எண்களைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க தட்டுதான் பளிச்சுன்னு இருக்கு. அதுக்கு மட்டும் ஏன் வரம்ப ஏத்தி வச்சீங்க?"

கவனப்பிசகு என்று பெரியவள் சொல்லியிருக்கலாம். சின்னவள் நம்பியிருப்பாள். மறுபடி எண்ணி, முதல் பெயரையும் பெரியவளுக்கே கொடுத்திருப்பார்கள். அவளும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"உன்னோடதுன்னு நெனச்சேன்" என்றாள்.