முழங்கை மூட்டுக்குப் பதினாறு நாள்

எலும்பை இழந்தவர்களுக்கு உலோக மூட்டு செய்யும் பட்டறை எங்களுடையது. அங்கே ஒரு வழக்கம்: தன் உறவுக்காரருக்கான உருப்படியைத் தொடக் கூடாது, கை நடுங்குமாம். எனக்கா நடுங்கும்? தங்கச்சியின் முழங்கையை வேறொருவன் கடைவதா? மேஸ்திரியோடு மல்லுக்கட்டி அந்த வேலையை நானே வாங்கிக்கொண்டேன்.

தங்கச்சி தையல்காரி. வலது முழங்கைக்கு மேலே எலும்பில் கட்டி. கெட்ட பாகத்தை மூட்டோடு வெட்டிவிட்டு, ஸ்கேன் அளவுக்குச் செய்த டைட்டானிய மூட்டு ஒன்றைப் பொருத்துவார்கள். மறுபடி கத்திரிக்கோல் பிடிக்கலாம்.

"சீக்கிரம் குடுங்க. கட்டி நமக்காகக் காத்திருக்காது," என்று ஸ்கேன் அளவைக் கொடுத்த அன்றே டாக்டர் சொன்னார்.

எட்டாம் நாளே மூட்டு தயார். கீல் வழுக்கிக்கொண்டு மடங்கியது. விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். எலும்புக்குள் நுழையும் தண்டில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல்.

"கீறல் அனுமதிச்ச அளவுக்குள்ளதாம்ப்பா இருக்கு, அனுப்பிடு," என்றார் மேஸ்திரி.

"உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?"

மூட்டைக் கழிவுத் தொட்டியில் விட்டெறிந்தேன். புது டைட்டானியம் வரப் பத்து நாள், கடைய ஆறு நாள்.

"என்னண்ணா, கம்மலா செய்யற?" என்று தங்கச்சி கிண்டலடித்தாள். அதற்குள் இரண்டு தடவை சட்டைக் கையின் தையலைப் பிரித்து அகலமாக்கியிருந்தாள். பார்த்தேன். வெறும் வீக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். மேஜைமேல் நான் செய்த மூட்டு, கீறலே இல்லாமல் பளபளத்தது.

"இது இனிமே உதவாதும்மா. கட்டி மேல ஏறி ரத்தக்குழாயைச் சுத்திக்கிச்சு. ரெண்டு வாரம் முன்னாடி மூட்டு வந்திருந்தா இதையே வச்சிருப்பேன். இப்ப கையையே எடுக்கணும், தோளுக்குக் கீழ." என் பக்கம் திரும்பினார். "ஏன் இவ்வளவு லேட்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி முந்திக்கொண்டாள்.

"எங்கண்ணனைக் குறை சொல்லாதீங்க டாக்டர். வேற யாராவது செஞ்சிருந்தா இன்னும் லேட்டாயிருக்கும். இல்லண்ணா?"

நான் பாவி, ஆமாம் என்று தலையாட்டினேன்.